அறிகுறி பார்த்து ஊருக்கு வராதே

கும்பகோணம்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள பாப்பாவுக்கு,

நானும் அப்பாவும் நலம். அன்றைக்குப் போனில் நீ கேட்ட கேள்விக்கு "யோசிச்சுச் சொல்றேன்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். போனில் பேசினால் பாதியில் உனக்கு மீட்டிங் வந்துவிடும், எனக்கு வாசலில் யாராவது வந்துவிடுவார்கள். அதனால்தான் எழுதுகிறேன். அவசரமில்லாத ஒரு ராத்திரியில் படி.

வேலையை விட்டுவிட்டு ஊருக்கே திரும்பிவிடலாமா என்று நீ மாதக்கணக்கில் குழம்பிக்கொண்டிருக்கிறாய். அந்தக் குழப்பத்துக்கு நடுவில் ஒரே வாரத்தில் மூன்று விஷயங்கள். அங்கே சிங்கப்பூரில் தேக்கா மார்க்கெட்டில் முருங்கைக்கீரை வாங்கும்போது பக்கத்தில் நின்ற பெண், நம் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளிப் பிறந்து வளர்ந்தவள். அன்று ராத்திரி போனைத் திறந்தால் கும்பகோணம் பைபாஸ் பக்கம் வீட்டுமனை விளம்பரம். அப்புறம், ராஜினாமாக் கடிதத்தை எழுதி அனுப்பாமல் வைத்திருந்த அன்றைக்கே, காலேஜ் முடித்த பிறகு பேச்சுவார்த்தையே இல்லாமலிருந்த தோழியிடமிருந்து "ஊருக்கு எப்ப வர்றே?" என்று ஒரு மெசேஜ். "எல்லாம் ஒரே பக்கம் கையைக் காட்டுதே அம்மா, இதுக்கெல்லாம் அர்த்தம் இல்லாம இருக்குமா?" என்றாய்.

நீ வர வேண்டும் என்று எனக்கு எவ்வளவு ஆசை என்பது உனக்குத் தெரியும். "ஆமாண்டி கண்ணு, சாமியே உன்னைக் கூப்பிடுது, கிளம்பி வா" என்று நான் சொல்லியிருந்தால் போதும், அந்த வாரமே டிக்கெட் போட்டிருப்பாய். அந்த வார்த்தை என் நாக்கு நுனி வரை வந்தது. அதைச் சொல்லி உன்னை வரவழைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

முதலில் கணக்கைப் பார்ப்போம். கணக்கு டீச்சர் மகளாகப் பிறந்துவிட்டாய், கேட்டுத்தான் ஆக வேண்டும்.

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நிகழ்தகவு ஆரம்பிக்கும் அன்று நான் புத்தகத்தைத் திறக்கவே மாட்டேன். வருகைப் பதிவேட்டை மேஜையில் வைத்துவிட்டு, "இந்த வகுப்பில் 40 பேர் இருக்கீங்க. ரெண்டு பேருக்காவது ஒரே தேதியில பிறந்தநாள் இருக்குமா?" என்று கேட்பேன். இருக்காது என்றுதான் பெரும்பாலும் சொல்வார்கள். வருஷத்துக்கு 365 நாள், நாமோ 40 பேர், எப்படி டீச்சர் என்பார்கள். சரி என்று ஜனவரியிலிருந்து ஒவ்வொரு தேதியாகக் கேட்டுக்கொண்டே போவேன். பிப்ரவரியிலோ ஏப்ரலிலோ முன் பெஞ்சில் ஒருத்தியும் கடைசி பெஞ்சில் ஒருத்தனும் ஒரே சமயத்தில் எழுந்து நிற்பார்கள். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளும் அந்தப் பார்வையை நீ பார்க்க வேண்டும். அதுவரை பேசிக்கூட இருக்க மாட்டார்கள். திடீரென்று ஏதோ சொந்தம் கிடைத்துவிட்ட மாதிரி சிரிப்பார்கள். வகுப்பே கைதட்டும்.

கைதட்டல் அடங்கிய பிறகு கணக்கைப் போடுவோம். 23 பேர் இருந்தாலே பாதிக்கு மேல் வாய்ப்பு. 40 பேர் என்றால் கிட்டத்தட்ட 89 சதவீதம். பிள்ளைகள் எங்கே தடுமாறுகிறார்கள் என்றால், ஒவ்வொருவரும் தன் பிறந்தநாளை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு "என்னோடு யாருக்கு ஒத்துப்போகும்?" என்று பார்க்கிறார்கள். கேள்வி அது இல்லை. யாரோ ஒருவருக்கும் வேறு யாரோ ஒருவருக்கும் ஒத்துப்போனால் போதும். 23 பேருக்குள் 253 ஜோடிகள் உண்டு. 40 பேருக்குள் 780.

உன் வாரத்தையும் இப்படிப் பார். சிங்கப்பூரில் ஒரு கீரைக்கடையில், குறிப்பாக இந்தப் பெண்ணைச் சந்திக்க வாய்ப்பு மிகமிகக் குறைவுதான். ஆனால் அந்த வாரத்தில் வேறு எது நடந்திருந்தாலும் நீ அதையும் அறிகுறி என்றுதான் எடுத்திருப்பாய். எங்காவது ஒரு கும்பகோணம் டிகிரி காபி போர்டு கண்ணில் பட்டிருக்கலாம். ஒலி 96.8 ரேடியோவில் தாத்தாவுக்குப் பிடித்த பாட்டு ஓடியிருக்கலாம். ஆபீஸில் யாராவது தஞ்சாவூர் ஓவியம் எங்கே வாங்கலாம் என்று உன்னிடம் வந்து கேட்டிருக்கலாம். மனம் ஊரையே நினைத்துக்கொண்டிருக்கும்போது ஊரை ஞாபகப்படுத்துவதற்கு நூறு வழி இருக்கிறது. நூறில் மூன்று நடந்தது. மீதி நடக்காததை நீ எண்ணவில்லை, யாரும் எண்ண மாட்டார்கள்.

தேக்காவைப் பற்றி இன்னொன்று. சிங்கப்பூர்வாசிகளில் நூற்றுக்கு ஒன்பது பேர் இந்திய வம்சாவளி, அவர்களில் பாதிக்கு மேல் தமிழர்கள். நம் டெல்டாப் பக்கத்து ஆட்கள் தலைமுறை தலைமுறையாகப் போய்வருகிற ஊர் அது, திருச்சியிலிருந்து நேர் விமானம் இருக்கிறது. அந்த மார்க்கெட்டில் முருங்கைக்கீரை விற்கிற இடத்தில் யார் வந்து நிற்பார்கள்? அவள் கடைக்காரரிடம் பேசிய பேச்சு காதில் விழுந்ததும் நீதானே திரும்பிப் பார்த்து "நீங்க எந்த ஊரு?" என்று கேட்டாய்? முன்னெல்லாம் இதே பேச்சு எத்தனை முறை உன் காதில் விழுந்திருக்கும். இப்போதுதான் திரும்பிப் பார்க்கத் தோன்றியது.

வீட்டுமனை விளம்பரத்துக்கு அதிக நேரம் செலவழிக்க வேண்டாம். திருச்சியில் வேலை, இங்கே வீட்டு வாடகை என்று ராத்திரி ராத்திரியாகத் தேடியது நீதான். அதைக் கவனித்து விளம்பரம் காட்டுவதுதான் அந்தக் கம்பெனிகளின் பிழைப்பு. தோழி மெசேஜ் விஷயத்தில் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. மகாமகக் குளத்தில் நீ சின்ன வயதில் எடுத்துக்கொண்ட போட்டோவை அதற்கு முந்தின வாரம் ஸ்டேட்டஸில் போட்டிருந்தாய் அல்லவா? நானே அதைப் பார்த்துவிட்டு உன் பெரியம்மாவுக்கு அனுப்பினேன். அந்தப் பெண்ணும் பார்த்திருப்பாள். அவளைக் கேட்டுப் பார்.

தற்செயல் மாதிரித் தெரிகிற பலவற்றுக்குப் பின்னால் இப்படி ஒரு காரணம் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும். பள்ளிக்கூடத்துப் பழைய சேர்க்கைப் பதிவேடுகளைப் புரட்டினால் மே, ஜூன் மாதத்துப் பிறந்தநாள்கள் குவிந்து கிடக்கும். அந்த இரண்டு மாதத்தில் மட்டும் நம் ஊரில் ஏன் இத்தனை பிள்ளைகள் பிறந்தார்கள் என்று வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு ஆச்சரியம். அப்புறம்தான் ஒரு மூத்த ஆசிரியை சொன்னார். அந்தக் காலத்தில் பெற்றவர்களுக்குத் தேதி தெரியாது. "பெரிய வெள்ளம் வந்த வருஷம், ஆடிப்பெருக்குக்கு மறுநாள் பொறந்தான்" என்பார்கள். ஹெட்மாஸ்டர் பையனை நிமிர்ந்து பார்ப்பார், பள்ளி திறக்கும் ஜூனில் அஞ்சு வயசு முடிந்திருக்கிற மாதிரி ஒரு தேதியை எழுதிக்கொள்வார். உன் தாத்தாவுக்கும் சர்டிபிகேட்டில் ஜூன் 1-தான். மார்கழியில் பிறந்தவர் அவர்.

நம் ஊர்க்காரர், கணித மேதை ராமானுஜன் 1913 ஜனவரியில் சென்னையிலிருந்து கேம்பிரிட்ஜில் இருந்த கணித அறிஞர் ஹார்டிக்கு ஒரு கடிதம் எழுதினார் அல்லவா, அதை ஹார்டியோடு உட்கார்ந்து படித்தவர் இன்னொரு கணித அறிஞர் லிட்டில்வுட். அந்த லிட்டில்வுட் பெயரிலேயே தற்செயலைப் பற்றி ஒரு விதி இருக்கிறது. இயற்பியலாளர் ஃப்ரீமன் டைசன் அதை எடுத்துச் சொன்னார். ஒரு மனிதர் நாளுக்கு எட்டு மணி நேரம் சுற்றி நடப்பதைக் கவனிக்கிறார், நொடிக்கு ஒன்றாக எதையாவது பார்க்கிறார் அல்லது கேட்கிறார் என்று வைத்துக்கொள். நாளுக்கு 28,800. 35 நாளில் பத்து லட்சத்தைத் தாண்டிவிடும். அப்படியானால் பத்து லட்சத்தில் ஒன்று என்கிற அதிசயம் ஒவ்வொருவருக்கும் சராசரியாக மாதம் ஒருமுறை நடந்தாக வேண்டும். எனக்கும் நடக்கும், பால்காரருக்கும் நடக்கும். மாதக்கணக்கில் ஒரு அதிசயமும் இல்லாமல் போனால்தான் நாம் உட்கார்ந்து யோசிக்க வேண்டும்.

இத்தனையும் படித்துவிட்டு, "அப்போ ஒண்ணுமே இல்லைங்கறியா?" என்று நீ கேட்பாய். அப்படிச் சொல்ல மாட்டேன். காகம் உட்காரப் பனம்பழம் விழுந்தது என்று சொல்லிக் கையைத் தட்டிவிட்டுப் போகிற ஆள் நானில்லை. காகத்துக்கும் பழத்துக்கும் தொடர்பில்லை, சரி. பழம் விழுந்த சத்தத்தில் நிமிர்ந்து பார்த்தவர் ஒருவர் உண்டே, அவரைப் பற்றி யோசிக்க வேண்டாமா?

முல்லைப்பாட்டு ஞாபகம் இருக்கிறதா? நப்பூதனார் எழுதியது, பத்துப்பாட்டிலேயே சின்னது, 103 அடி. அரசன் போருக்குப் போயிருக்கிறான். மழைக்காலம் வந்துவிட்டது, அவன் வரவில்லை. அரசி படும் பாட்டைப் பார்க்க முடியாமல் வயதான பெண்கள் ஊர் எல்லைக்குப் போய், நெல்லும் முல்லைப் பூவும் தூவிக் கும்பிட்டு, விரிச்சி கேட்க நிற்கிறார்கள். அந்த நேரத்தில் யார் வாயிலிருந்து எந்தச் சொல் காதில் விழுகிறதோ அதை வைத்து நல்லது கெட்டது பார்ப்பதுதான் விரிச்சி. அப்போது ஓர் இடைச்சிப் பெண், குளிரில் தோளைக் கையால் கட்டிக்கொண்டு, தாயைக் காணாமல் தவிக்கும் கன்றுக்குட்டியிடம், "இன்னே வருகுவர் தாயர்" என்கிறாள். இதோ உன் அம்மாக்கள் வந்துவிடுவார்கள், இடையர்கள் பின்னால் நின்று ஓட்டி வருகிறார்கள் என்று தேற்றுகிறாள்.  கிழவிகள் வந்து அரசியிடம், நல்ல சொல் கேட்டோம், அவன் வந்துவிடுவான் என்கிறார்கள்.

அந்த இடைச்சிக்கு அரசனும் தெரியாது, போரும் தெரியாது. அவள் கவலை அந்தக் கன்று மட்டும்தான். அரசியின் மனசு எதற்கு ஏங்கியது என்பதை அந்தக் கிழவிகள் தங்கள் மனதில் சுமந்துகொண்டு போயிருந்தார்கள், அதனால் அது அவர்கள் காதில் விழுந்தது. அதைவிட எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. அந்தச் சொல் கேட்டும் அரசி தேறவில்லை. முத்து முத்தாகக் கண்ணீர் விடுகிறாள். நப்பூதனார் அதை மறைக்காமல் எழுதியிருக்கிறார்.

டாக்ஸி எண் 1729 கதையையும் நான் இப்படித்தான் படிக்கிறேன். ராமானுஜனைப் பார்க்க ஹார்டி ஏறிவந்த டாக்ஸிக்கு அந்த எண் அமைந்தது தற்செயல். இரண்டு கன எண்களின் கூட்டுத்தொகையாக இரண்டு விதத்தில் எழுத முடிகிற மிகச் சிறிய எண் அது என்று படுக்கையில் கிடந்த ராமானுஜன் உடனே சொன்னது தற்செயல் இல்லை. கன எண்களோடு அவர் எப்போதோ பழகியிருந்தார், நோட்டுப் புத்தகங்களில் தடயம் இருக்கிறது. வேறொருவர் அந்தக் கட்டிலில் இருந்திருந்தால் 1729 வெறும் டாக்ஸி நம்பராகவே போயிருக்கும்.

அதனால் உன் மூன்று அறிகுறிகளும் உனக்கு ஒன்றைச் சொல்லத்தான் செய்கின்றன. நாளைக்கு என்ன நடக்கும் என்று அவற்றுக்குத் தெரியாது. இன்றைக்கு உன் மனம் எங்கே இருக்கிறது என்பதை அவை காட்டிவிட்டன. கீரைக்கடையில் நீ திரும்பிப் பார்த்தாயே, அந்தத் திரும்பலை நான் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன். உனக்கு ஊர் வேண்டியிருக்கிறது. அதை ஒப்புக்கொள்ள உனக்கு மூன்று சாட்சி தேவைப்பட்டிருக்கிறது.

எனக்கும் ஒரு அனுபவம் உண்டு, உன்னிடம் சொன்னேனா தெரியவில்லை. பழைய புத்தகக் கடையில் பிள்ளைகளுக்காக லாகரிதம் அட்டவணை தேடிக்கொண்டிருந்தேன். கட்டாகக் கட்டிப் போட்டிருந்ததில் ஒன்றை உருவி எடுத்தால், பழுப்புத்தாள் அட்டை, ஓரத்தில் நீல மை கொட்டிய கறை, உள்ளே உன் பெரியம்மா பெயர், "பத்தாம் வகுப்பு ஆ பிரிவு" என்று அவள் கையெழுத்து. அந்த மையைக் கொட்டியது நான்தான், அதற்காக அவள் என் பின்னலைப் பிடித்து இழுத்தாள். சின்ன ஊர், இரண்டு மூன்று பழைய புத்தகக் கடை, சுற்றிச் சுற்றி அதே புத்தகங்கள்தான் வரும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் கை நடுங்கியது. கடை வாசலிலேயே நின்று அவளுக்குப் போன் போட்டேன். வெகுநேரம் பேசினோம், கடைக்காரர் ஸ்டூல் எடுத்துப் போட்டார். புத்தகம் யாரும் அனுப்பி வரவில்லை. அக்காவோடு பேச வேண்டும் என்று எனக்குள் இருந்தது, அதற்கு ஒரு சாக்கு கிடைத்தது. அந்தச் சாக்கை விடாமல் பிடித்துக்கொண்டதில் எனக்கு இன்றும் சந்தோஷம்.

யாரும் அனுப்பாவிட்டாலும் சில தற்செயல்கள் அழகுதான். 2019 டிசம்பர் 26 காலையில் புதுக்கோட்டை சித்தப்பா வீட்டு மொட்டைமாடியில் வளையக் கிரகணம் பார்த்தோமே. சூரியன் சந்திரனைவிட ஏறக்குறைய 400 மடங்கு பெரியது, ஏறக்குறைய 400 மடங்கு தூரத்திலும் இருக்கிறது. அதனால்தான் இரண்டும் நம் கண்ணுக்கு ஏறக்குறைய ஒரே அளவு. சந்திரன் வருஷத்துக்கு 3.8 சென்டிமீட்டர் வீதம் விலகிப்போய்க்கொண்டிருக்கிறது, எத்தனையோ கோடி வருஷம் கழித்து முழுக் கிரகணம் என்பதே இருக்காது. அந்தப் பொருத்தம் இருக்கிற காலத்தில் நாம் பிறந்திருக்கிறோம். அதற்கு ஒரு செய்தியும் இல்லை. ஆனாலும் நீ வாயைப் பிளந்துகொண்டு நின்றாய், நானும்தான்.

இனி நான் எழுதப்போவதுதான் எனக்கு முக்கியம். கவனமாகப் படி.

என் சித்தியை உனக்குத் தெரியும், உனக்குச் சின்னப் பாட்டி. நீ பார்த்தது அவளுடைய கடைசிக் காலத்தை. அவள் மன்னார்குடிப் பக்கம் வாழ்க்கைப்பட்டுப் போன ஒரு மாதத்துக்குள் அவள் மாமனார் தவறிப்போனார். அவருக்கு ஏற்கெனவே நெஞ்சுவலி இருந்தது, கல்யாணத்துக்கு முன்பே தஞ்சாவூரில் காட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். அந்த வருஷம் ஆற்றில் தண்ணீரும் சரியாக வரவில்லை, நடவு கெட்டது. அவள் வீட்டில் மட்டுமா கெட்டது? கடைமடை முழுக்கக் கெட்டது. ஆனால் அவள் வீட்டில் மட்டும் அதற்கு ஒரு காரணம் இருந்தது. "இவ காலடி வச்ச நேரம்" என்றார்கள்.

அந்த நான்கு வார்த்தை அவளை ஆயுசுக்கும் விடவில்லை. வீட்டில் யாராவது நல்ல காரியத்துக்குக் கிளம்பினால் அவள் கொல்லைப்பக்கம் போய்விட வேண்டும். ஆரத்தித் தட்டை அவள் தொட யாரும் விட மாட்டார்கள், முழுக்கச் சுமங்கலியாக இருந்தபோதே. கொஞ்ச நாளில் அவளே அதை நம்ப ஆரம்பித்துவிட்டாள். என் கல்யாணத்தில் தாலி கட்டும் நேரம், எல்லோரும் மேடையைச் சுற்றி நெருக்கிக்கொண்டு நிற்க, அவள் மண்டபத்துத் தூணுக்குப் பின்னால் நின்றாள். அட்சதையை மூடிய கைக்குள் வைத்திருந்தாள். அங்கிருந்து வீசினால் என் மேல் வந்து விழாது. விழக்கூடாது என்றுதான் அங்கே நின்றாள். அம்மா இறங்கிப் போய் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். "என் பொண்ணுக்கு ஏதாவது ஆனா என்னைக் கேளுங்கடி" என்று அம்மா எல்லோர் காதிலும் விழும்படி சொன்னாள். சித்தி அட்சதையைப் போடும்போது கை நடுங்கியதில் பாதி அரிசி என் மடியில் விழுந்தது.

மாமனார் சாவும் மருமகள் வருகையும் ஒரே மாதத்தில் வந்தது தற்செயல். அதற்கு ஒரு அர்த்தம் கண்டுபிடித்து ஒரு பெண்ணை நாற்பது ஐம்பது வருஷம் தூணுக்குப் பின்னால் நிறுத்தினார்கள். தெருவில் எதிரே வந்த பெண்ணைப் பார்த்துவிட்டுத் திரும்பி வீட்டுக்குள் போய்த் தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்பினார்களே, அதுவும் இதே கணக்குத்தான். மருமகள் வந்ததும் பையனுக்குப் பிரமோஷன் கிடைத்தது, மகாலட்சுமி வந்த நேரம் என்று கொண்டாடுவதும் இதே கணக்குத்தான், சீனியாரிட்டியில் வர வேண்டிய பிரமோஷனாக இருந்தாலும். கொண்டாடப்படுகிற பெண் இதற்கு இடம் கொடுத்தால், தூற்றப்படுகிற பெண்ணுக்கு வாய் திறக்க வழியில்லாமல் போகும்.

நம் வீடுகளிலேயே இதற்கு நேர் எதிரான ஒரு பழக்கமும் இருக்கிறது. ஒருவரைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் வந்துவிட்டால், "வாங்க, உங்களுக்கு நூறு வயசு" என்கிறோம். அதில் யார் தலையிலும் பழி விழுவதில்லை. ஒரு தற்செயல் கிடைத்ததும் கையோடு ஒரு வாழ்த்தாக்கிக் கொடுத்துவிடுகிறோம், அதோடு முடிந்தது. நீ போன் பண்ணும்போது நான் இதைச் சொல்லாத நாள் குறைவு. உன்னைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பதால் எப்போது பண்ணினாலும் பொருந்திவிடும்.

அதனால்தான் சொல்கிறேன். அறிகுறியை நம்பி நீ வந்தால், வந்த பிறகு நடக்கிற ஒவ்வொன்றும் அறிகுறியாகிவிடும். முதல் மாதமே இங்கே வேலை சரியாக அமையாமல் போகலாம். மழையில் மாடி அறை ஒழுகும், அது எப்போதும் ஒழுகுகிறதுதான். அப்பாவுக்கு உடம்புக்கு ஏதாவது வரலாம், வயது அப்படி. அன்றைக்கு ராத்திரி, "நான் வந்த நேரம்" என்று நீ நினைப்பாய். யாரும் சொல்ல வேண்டாம், நீயே உன்னைத் தூணுக்குப் பின்னால் கொண்டுபோய் நிறுத்திக்கொள்வாய். அதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. காரணத்தோடு வந்தவளுக்கு அந்தப் பயம் கிடையாது. ஒழுகினால் ஆளைக் கூப்பிட்டுச் சரிசெய்வாள்.

காரணங்கள் உன்னிடம் இருக்கின்றன என்று நினைக்கிறேன். அந்த வேலையில் உனக்கு மூச்சு முட்டுகிறது என்று போன தீபாவளியிலிருந்தே உன் குரலில் தெரிகிறது. வேலை மாற்றினால் தீருமா, ஊர் மாற்றினால்தான் தீருமா? அங்கே வேலை செய்வதற்கான பாஸைப் புதுப்பிக்கும் தேதி எப்போது, அதற்கு முன்பு விட்டால் என்ன நஷ்டம்? இங்கே சம்பளம் எவ்வளவு குறையும், அந்தச் சம்பளத்தில் எத்தனை வருஷம் உன்னால் சந்தோஷமாக இருக்க முடியும்? இரண்டு மூன்று மாதம் சம்பளமில்லா விடுப்பு கேட்டு வந்து இருந்து பார்க்க முடியுமா? இவற்றையெல்லாம் ஒரு தாளில் எழுது. எங்களுக்காக வருகிறேன் என்பது அதில் ஒரு காரணமாக இருந்தால் அதையும் எழுது, எனக்கு அது பிடிக்கும். அது ஒன்றே காரணமாக இருந்தால் மட்டும் இன்னொரு முறை என்னோடு பேசு.

அந்த மார்க்கெட் பெண்ணின் அம்மா வீட்டுக்குப் போன புதன்கிழமை போயிருந்தேன். நீ சொன்ன அடையாளத்தை வைத்துக் கண்டுபிடித்துவிட்டேன், பிள்ளையார் கோயிலுக்கு எதிரே திண்ணை வைத்த வீடு. அந்த அம்மா தனியாக இருக்கிறார். ஒரு கண்ணில் புரை முற்றியிருக்கிறது, ஆபரேஷனுக்குக் கூட வர ஆளில்லை என்று மகளிடம் சொல்லாமலேயே தள்ளிப்போட்டுக்கொண்டிருக்கிறார். சொன்னால் அவள் அடித்துப் பிடித்துக்கொண்டு கிளம்பி வந்துவிடுவாளாம். நான் கூட வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன், வியாழக்கிழமை போகிறோம். நீ அந்தப் பெண்ணிடம் இதைப் பக்குவமாகச் சொல். ஒருநாள் அவளை வீட்டுக்குக் கூப்பிட்டுச் சாப்பாடு போடு.

நீ வருவதாக இருந்தாலும் வரப்போவதில்லை என்றாலும் மாடி அறைக்குத் தளம் போடச் சொல்லி அப்பா கொத்தனாரிடம் பேசிவிட்டார். வேலை முடிய தை மாதம் ஆகும் என்கிறார்கள். தாளை அதற்குள் அனுப்பு.

அன்புடன்,
அம்மா